வளர்வதற்கு விட்ட துணி

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறப்பாய் என்று என் வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கதவருகில் நின்று பூக்காரியிடம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் இந்நேரம் இவ கையில ஒரு ஆம்பளப் புள்ள இருக்கும், பாத்துக்கினே இரு" என்றாள். பூக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் மடியில் பாதி தைத்த துணியோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. இந்தத் தெருவில் நான் எதை யாரிடம் சொன்னாலும் அது அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிடும். உன்னிடம் சொன்னால் மட்டும்தான் போகாது.

இதைப் படிக்கும்போது உனக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். உனக்குப் பெண் பார்க்கும் வயது. எனக்கு இப்போது பதினாறு நடக்கிறது. என்னைவிட நீ பெரியவன். இருந்தாலும் அம்மா என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சாமி படத்துக்கு முன்னால் எரியும் சின்ன பல்பின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில்தான் தூங்குகிறாள். அவள் புரண்டால் நோட்டை மூடிவிடுவேன். அட்டையில் வேதியியல் என்று எழுதியிருக்கிறது.

எங்கள் தொழிலை முதலில் சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் புதுப் பட்டு நெய்கிறவர்கள். நாங்கள் பழைய பட்டில் தைக்கிறவர்கள். பழைய புடவைகளை வாங்கிச் சரிகையை உருக்கி வெள்ளி எடுப்பவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். உருக்கினாலும் ஒன்றும் தேறாத புடவைகளை அவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அவை மூட்டையாக எங்களிடம் வரும். அம்மா அவற்றை அலசி, நிழலில் உலர்த்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எங்கே இற்றிருக்கிறது, எங்கே நன்றாக இருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போடுவாள். நல்ல இடங்களை வெட்டிச் சின்னப் பெண்களுக்குப் பாவாடை சட்டை தைப்போம். மெஷினில் தைக்க முடியாது. பழைய பட்டில் மெஷின் ஊசி வரிசையாகக் குத்திக்கொண்டு போனால், காலண்டர் தாள் கிழிவது போல அந்த வரியோடு கிழிந்து வந்துவிடும். அதனால் எல்லாம் கைத்தையல். உள்ளே பழைய வேட்டித் துணியை லைனிங்காக வைப்போம். கறையோ ஓட்டையோ இருந்தால், இன்னொரு புடவையின் கரையிலிருந்து ஒரு மாங்காயையோ அன்னத்தையோ வெட்டி அதன் மேல் வைத்து, சுற்றிலும் மணியும் சமிக்கியும் தைத்துவிடுவோம். எங்கள் பாவாடையில் வேலைப்பாடு எங்கே அதிகமோ அங்கேதான் கிழிசல். வாங்குகிறவர்கள் அந்த இடத்தைத்தான் தடவிப் பார்த்து மெச்சுவார்கள்.

அம்மா தைத்த பாவாடையை ஐந்து வயதில் போட ஆரம்பித்தால் பத்து வயது வரை போடலாம். அடியில் மூன்று மடிப்பு மடித்து ஓட்டுத்தையல் போட்டிருப்பாள். ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடை நீளும். சட்டையின் இரண்டு பக்கமும் தையலுக்கு உள்ளே இரண்டு இஞ்ச் துணி விட்டிருப்பாள். வளர்வதற்கு விட்ட துணி என்று அதைச் சொல்வோம். பெரிய பெண்களுக்கு அப்படி விடமாட்டோம். உள்ளே தடித்துக்கொண்டு நிற்கும், வீண். அளவெடுக்கும்போதே அம்மா ஆளைப் பார்த்து, இவளுக்கு விடு, இவளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். ஏழாம் வகுப்பிலிருந்து அவளோடு உட்கார்ந்து தைப்பதால் எனக்கும் பார்த்தால் தெரியும்.

என் கதையைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நித்யா. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார்கள். கூரம் பக்கம் மாப்பிள்ளை. கல்யாண ரவிக்கையைத் தைக்க என்னிடமே வந்தாள். "போட்டோல சின்னப் பொண்ணு மாதிரி தெரியக் கூடாதாம்டீ. யாராவது பாத்து கம்ப்ளெயின்ட் குடுத்துடுவாங்களாம்" என்றாள். எனக்கு அது முதல் கல்யாண ரவிக்கை. பெருமையாக இருந்தது. அவள் ஒல்லி. மார்புக்கு உள்ளே வேட்டித் துணியை நான்காக மடித்து வைத்துத் தைத்தேன். தோளைத் தூக்கி, கைக்குப் பெரிய கரை வைத்து, கழுத்தைச் சுற்றி மணி வேலை செய்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது என்று சொல்லலாம் போல இருந்தது. "ஏய், நம்ம மேத்ஸ் மிஸ் மாதிரியே இருக்கறேன்டீ" என்று சொல்லி, இடுப்பில் கை வைத்து மிஸ் குரலில் என்னைத் திட்டிக் காட்டினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு வாரம் கழித்து அதே மிஸ், நித்யா ஏன் வரவில்லை என்று வகுப்பில் கேட்டார். நான் எழுந்து, "அவளுக்கு அம்மை போட்டிருக்கு மிஸ், சொந்தக்காரங்க ஊருக்குப் போயிருக்கா" என்றேன். அப்படிச் சொல்லும்படி யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகச் சொன்னேன்.

பத்து மாதம் கழித்து நித்யா அந்த ரவிக்கையை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது என்று அவள் அம்மா சொல்லி எனக்கு ஏற்கனவே தெரியும்.

"இத்த கொஞ்சம் பிடிச்சுக் குடுடீ. தொளதொளன்னு இருக்குது. எங்க வூட்ல ஒரு நிச்சயதார்த்தம், இதத்தான் போடணும்னு மாமியார் சொல்லிட்டாங்க."

அளவு நாடாவை அவளைச் சுற்றிப் பிடித்தேன். கல்யாணத்தின்போது இருந்ததைவிட மூன்று இஞ்ச் குறைந்திருந்தாள். அந்த வயதில் யாரும் குறையக் கூடாது.

"கணக்குல எவ்ளோடீ நீ?" என்று கேட்டாள்.

"எழுவத்திரண்டு."

"கொழுப்புடீ உனக்கு. என் பேப்பரப் பாத்து எழுதுனவ நீ. நான் எழுதியிருந்தா தொண்ணூறு."

"தொண்ணூத்தஞ்சு" என்றேன்.

சிரித்தாள். பிறகு ரவிக்கையை உள்பக்கம் திருப்பி, நான் மார்புக்கு வைத்த மடிப்புகளை விரலால் தொட்டுக் காட்டினாள். "இத்த மட்டும் எடுத்துடாத. இது இல்லன்னா அங்க ஒன்னுமே இல்ல" என்றாள். நான் பக்கங்களைப் பிரித்து மூன்று இஞ்ச் உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவளைப் பார்க்கவில்லை. அந்த ரவிக்கையை நான் அவ்வளவு நன்றாகத் தைக்காமல் இருந்திருந்தால், போட்டோவைப் பார்த்த யாராவது ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்கும். மிஸ் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட அவர் இன்னொரு தரம் கேட்டிருப்பார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது என் விஷயம். மாப்பிள்ளை என் மாமா. அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. அவருக்கு இருபத்தொன்பது வயது. கூலிக்குத் தறி நெய்கிறார். மூன்று இடத்தில் பெண் கேட்டுப் போனார்கள். மூன்று இடத்திலும், தறியில் உட்காருகிறவனுக்குக் கொடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடத்திலிருந்து திரும்பி வந்த அன்று அம்மா சாப்பிடவில்லை. "எவ வூட்டுப் பொண்ணும் வேணாம். எம் பொண்ணு இருக்கறா" என்றாள். கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். கோபம் போன பிறகும் அதையே சொன்னாள். லாரி ஓட்டும் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் எந்த ஊரிலோ ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு, "உன் தம்பி, உன் பொண்ணு. நீ பாத்துக்கோ" என்று சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

மாமா கெட்டவர் இல்லை. உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். ஐந்தாம் வகுப்பு வரை என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர். என் கால் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் அட்டை கட்டியவர். அவரை நான் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். பேச்சு முடிவான மறுநாள் அம்மா சொன்னாள், "இனிமே மாமாவ வாங்க போங்கன்னு சொல்லிப் பழகு." அன்றிலிருந்து அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ரவிக்கையை நானே தைக்க வேண்டும் என்றாள் அம்மா. வெளியே கொடுத்தால் கேள்வி வரும். புதுத் துணி எடுத்தாலும் கேள்வி வரும். அதனால் அவளுடைய கல்யாணப் புடவையையும் ரவிக்கையையும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். புடவையின் உடல் மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. முந்தியும் கரையும்தான் தேறின. அளவெடுக்க என்னை நிற்க வைத்தாள்.

"நிமிந்து நில்லுமா. கூனிக்கினு நிக்காத."

நிமிர்ந்தேன்.

"ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்ச் உள்ள வுட்டுத் தை."

"கல்யாண ரவிக்கைக்கா?"

"ஆமா. ரெண்டு வருஷத்துல பத்தாம பூடும். வளர்ற பொண்ணு" என்றாள்.

சொல்லி முடித்ததும் அவள் கை நின்றுவிட்டது. எத்தனையோ குழந்தைகளுக்கு அளவெடுக்கும்போது சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். குண்டூசி வாயில் இருந்தால் யாரும் பேச வேண்டியதில்லை.

மறுநாள் அவளுடைய பழைய ரவிக்கையைப் பிரித்தேன். பக்கத் தையலை அறுத்ததும் உள்ளேயிருந்து இரண்டு இஞ்ச் அகலத்துக்குத் துணி விரிந்தது. வெளியே அரக்கு நிறம் வெளுத்துத் தவிட்டு நிறமாகியிருந்தது. உள்ளே மடிந்து கிடந்த துணி வெளிச்சமே படாமல், வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இன்னா?"

"உனக்கும் வுட்டிருக்காங்கம்மா."

வாங்கி மடியில் வைத்து விரலால் நீவிப் பார்த்தாள். "எனக்கும்தான் அப்போ பதினாறு. நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றாள். பிறகு அதை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "நல்ல துணி. வீணாக்காம கைக்கு அடியில வெச்சுத் தை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னபடியே தைத்தேன்.

அம்மா மணி வாங்கக் கடைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் மாமா வந்தார். இதைவிட்டால் நேரம் கிடைக்காது என்று எழுந்து வாசலுக்குப் போனேன்.

"மாமா, நீ அம்மாகிட்ட வேணாம்னு சொல்லேன்."

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா முடிவு பண்ணிடுச்சி. நான் இன்னா பேசறது?"

"உனக்கு வேணுமா?"

"அதெல்லாம் இன்னா கேள்விமா."

"உன் சைக்கிள்ல தூங்கிக்கினே வந்தவ மாமா நான்."

தலையைக் குனிந்துகொண்டார். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு ஏற்கனவே கழுத்து முன்னால் வளைந்திருக்கும். "கல்யாணத்துக்கு அப்பறமும் படி. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"நித்யா வூட்டுக்காரரும் இதத்தான் சொன்னாரு."

எனக்காக வாங்கி வந்த பால்கோவாவை ஜன்னல் மேல் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மகனே, உன்னிடமும் ஒரு நாள் யாராவது வந்து, பெண் நல்ல பெண், கொஞ்சம் சின்னவள், பழகிக்கொள்வாள் என்பார்கள். நீ நல்லவனாக இருப்பாய். குடிக்கமாட்டாய், கை நீட்டமாட்டாய், வரும்போது தின்பதற்கு ஏதாவது வாங்கி வருவாய். அது போதாது. நான் எத்தனை தடவை வேண்டாம் என்று சொன்னாலும் இது நிற்காது. மாமா ஒரு தடவை சொன்னால் நின்றுவிடும். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் செருப்போடு வாசலில் நின்றுவிட்டுப் போனார். அந்த மாதிரி ஒரு வாசலில் நீ நிற்க நேர்ந்தால், உன் அக்கா என்ன சொன்னாள், அம்மா என்ன சொன்னாள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லாதே. உனக்கு என்ன தெரியுமோ அதைப் பெரியவர்களிடம் போய்ச் சொல். அவர்கள் கோபித்துக்கொண்டால் உன்னைத்தான் கோபித்துக்கொள்வார்கள். உனக்கு இருபத்தொன்பது வயது. தாங்கிக்கொள்வாய்.

போன செவ்வாய்க்கிழமை மேத்ஸ் மிஸ்ஸிடம் சொன்னேன். அதுவும் பாதிதான். "எங்க வீட்டுல கல்யாணப் பேச்சு நடக்குது மிஸ்" என்றேன். "யாருக்கு, உனக்கா?" என்றார். தலையாட்டிவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு சமூகநல அதிகாரி அம்மாவும் ஒரு பெண் போலீசும் வீட்டுக்கு வந்தார்கள். ரவிக்கை என் மடியில் இருந்தது. கழுத்துக்குச் சமிக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா எனக்கு எதிரில் சுவரோரமாக நின்றாள். அவள் கால் கட்டைவிரல் தரையில் அழுந்தி நகம் வெளுத்திருந்தது.

"இது யாருடையதும்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"கஸ்டமரோடது மேடம்."

"உனக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டோமே."

"இல்ல மேடம். நான் படிக்கிறேன்."

"பயப்படாம சொல்லு."

"இல்ல மேடம்."

நான் தலை நிமிரவில்லை. ஒரு சமிக்கியை இரண்டு தடவை தைத்தேன். பதினெட்டு முடியாமல் கல்யாணம் செய்துவைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் தெரு முனையைத் தாண்டியதும் அம்மா மாமாவுக்குப் போன் போட்டாள். "எந்தப் பாவியோ சொல்லிக் குடுத்துட்டா. அவ நல்லா இருப்பாளா? ஆனா எம் பொண்ணு இருக்கறாளே, எப்படிக் கெட்டியா நின்னா தெரியுமா" என்றாள். அன்று ராத்திரி என் தட்டில் அவள் பங்கு முட்டையையும் சேர்த்து வைத்தாள். என்னை இவ்வளவு மெச்சி அவள் பேசி நான் கேட்டதில்லை. முட்டையைச் சாப்பிட்டேன்.

கல்யாணம் அடுத்த மாதம் என்று இருந்தது. இப்போது நாளை மறுநாள் விடியற்காலை. ஊருக்குள் வேண்டாம் என்று திருமுக்கூடல் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் பேசிவிட்டார்கள். எழுதி வாங்கிக்கொண்டு போனவர்கள் இவ்வளவு சீக்கிரம் திரும்பி வரமாட்டார்கள் என்று அம்மாவுக்குத் தைரியம். நாளை சாயங்காலம் வேன் வரும். "நாளைக்கு எப்பவும் போல இஸ்கூலுக்குப் போ. போவலன்னா சந்தேகப்படுவாங்க. நாலரைக்கெல்லாம் வூட்டுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு மீறினாள் என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டு போவார்களா, மாமாவையும் பிடிப்பார்களா, தெரியாது. என்னை எந்த ஊரிலோ ஒரு ஹோமில் வைப்பார்கள். அம்மா பார்க்க வரமாட்டாள். வந்தாலும் பேசமாட்டாள். போன வாரம் இல்லை என்று சொன்னவளை இந்த வாரம் ஏன் நம்ப வேண்டும் என்று அந்த அதிகாரியே கேட்கலாம். அலசிய புடவையை நானும் அம்மாவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறுவோம். அவள் இழுக்கும் வேகம் என் கைக்குத் தெரியும், நான் விடும் நேரம் அவளுக்குத் தெரியும். ஒரு ஆளாக அதை உதற முடியாது. இனி அவள் அதை எப்படிச் செய்வாள் என்று யோசிக்கிறேன். இந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய விஷயமா அது என்று நீ கேட்கலாம். வேறு எதை யோசித்தாலும் பயம் அதிகமாகிறது.

நாளை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் மிஸ்ஸிடம் போவேன். நித்யாவுக்கு அம்மை என்று சொன்னது பொய் என்பதையும் சொல்லிவிடுவேன். பிறகு அவரோடு நானே அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய், வியாழக்கிழமை நான் சொன்னது உண்மையில்லை மேடம், எனக்குத்தான் கல்யாணம், இந்தக் கிழமை, இந்த ஊர், இந்த நேரம் என்று என் கையால் எழுதிக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்து அம்மா எதிரில் கேட்காதீர்கள், அங்கே கேட்டால் மறுபடியும் பொய்தான் சொல்வேன் என்பதையும் எழுதுவேன். நாலரைக்கு வீட்டுக்கு வரமாட்டேன்.

இவ்வளவு பக்கம் உனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்துவிட்டேன். நாளை இதைச் செய்துவிட்டால் நீ இல்லை. பல வருஷம் கழித்து எனக்கு ஒரு குழந்தை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். பிறந்தாலும் அது நீயாக இருக்காது. உனக்கு மாமாவின் முகம் இருந்திருக்கும். அம்மா உன்னைக் கீழேயே விட்டிருக்கமாட்டாள். பழைய பட்டில் உனக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டு இந்தத் தெரு முழுக்கத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருப்பாள். நீ நல்ல பிள்ளையாகத்தான் வளர்ந்திருப்பாய். இந்த வீட்டில் பயமில்லாமல் நான் பேச முடிந்தது உன்னிடம் மட்டும்தான்.

நீ வராதே.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு, ஆ பிரிவு மாணவி.